தோகை விரியவில்லை

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் ஒரே ஒரு சுனைதான் இருந்தது. மான்கள் அதில் நீர் குடிக்கும்போது, கரையோர மருத மரத்தில் ஆறு குரங்குகள் காவல் இருக்கும். கோரைப்புல்லில் சிறுத்தை வந்தால் அவை குரல் கொடுக்க வேண்டும்.

அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தது மயில். குரங்குகளை மரத்தடியில் வரிசையாக உட்காரவைத்து, "புல் அசைகிறது, சிறுத்தை வருகிறது" என்று சொல்லித் தோகையை விரிக்கும். ஆறும் ஒரே குரலில் கத்தும்.

"ஏதாவது பிசகு உண்டா?" என்று மயில் எல்லோரையும் பார்த்துக் கேட்கும்.

ஆனாலும் போன மாதம் குவளை என்ற பெண்மான் தன் மூத்த குட்டியைச் சிறுத்தைக்குப் பறிகொடுத்தது. மிச்சம் இருந்தது ஒரு குட்டி. அதையும் பறிகொடுப்பதில்லை என்று குவளை முடிவு செய்தது.

ஒரு நாள் காலை யாரிடமும் சொல்லாமல் கோரைக்குள் சிறுத்தையைப் போல வயிறு தரையில் பட ஊர்ந்து வந்தது. புல் அசைந்தது. மரத்தில் சத்தமே இல்லை. குவளை மரத்தடிக்கே வந்து, தொங்கிய வால் ஒன்றை மூக்கால் தொட்டது.

"நீயா அக்கா? சிறுத்தையோ என்று பயந்துவிட்டேன்," என்றது குரங்கு.

"சிறுத்தையாக இருந்தால் பயப்பட நேரம் இருந்திருக்காது தம்பி. ஏன் கத்தவில்லை?"

"தோகை விரியவில்லையே."

இதைக் கேள்விப்பட்டு வந்த மயிலுக்குக் கோபம் வந்தது. "பாடத்தில் குறை இல்லை. இவன் மக்கு."

"பார்த்துவிடுவோம் ஐயா," என்றது குவளை. "உங்களுக்குப் பிடித்த மூன்று பேரை நீங்களே பழக்குங்கள். மற்ற மூவரும் மரத்தின் மேலேயே இருக்கட்டும். அவர்களுக்குத் தெரியாமல் நான் ஊர்ந்து வருகிறேன்."

மயில் கெட்டிக்காரக் குரங்குகளாகப் பொறுக்கிக்கொண்டது.

பத்து நாள் குவளை ஊர்ந்தது. ஒரு நாள் கிழக்கிலிருந்து, ஒரு நாள் காற்றோடு சேர்ந்து. முட்டித் தோல் உரிந்தது. மரத்து மூன்றும் முதலில் காற்றுக்கெல்லாம் கத்தின. ஏழாம் நாள் மேலேயிருந்து ஒரு குரல் வந்தது: "அக்கா, பாறைப் பக்கம் இருக்கிறாய். எழுந்துவிடு, கால் தேய்கிறது."

பதினோராம் நாள் ஆறும் காவலில் இருந்தன. குவளையின் குட்டி நீரில் வாய் வைத்திருந்தது. கிழக்கே கோரை லேசாக அசைந்தது.

மயிலின் மூன்றும் மயிலைத் தேடின.

"அக்கா கரையில் நிற்கிறாள்," என்றது மரத்துக் குரங்கு ஒன்று. "அப்படியானால் அது..." அடுத்த நொடி மூன்றும் கத்தின. மான்கள் பாய்ந்து மறைந்தன, குட்டியும் கூட. சிறுத்தை வெறும் சுனையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மறுநாள் மயில் தோகையை மடக்கிக்கொண்டு மருத மரக் கிளையில், தன் மூன்று குரங்குகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

"இன்று எந்தப் பக்கமிருந்து வருவாய்?" என்று கேட்டது.

"அதைச் சொல்ல மாட்டேன் ஐயா," என்று சொல்லிவிட்டுக் குவளை கோரைக்குள் இறங்கியது.

நீதி: கற்றுக்கொடுத்தது பலித்ததா என்பதைப் பாடம் நடந்த இடத்தில் பார்க்காதே; வேலை நடக்கும் இடத்தில் பார்.