பன்றிக்கு வைத்த கற்கள்

நரி தந்திரசாலி என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இது மிகப் பெரிய பிழை. குழந்தைகள் காதில் விழுவதற்கு முன் இதைத் திருத்தியாக வேண்டும். நரி தந்திரசாலி அல்ல, ஒழுங்கு தவறாதது. ஆபத்து அதில்தான் இருக்கிறது.

ஆறு பெருகிய அன்று காட்டில் நனையாமல் இருந்தது ஒரே ஒரு பாறை. யார் எங்கே உட்காருவது என்று பிரித்துக்கொடுக்கும் வேலை நரிக்கு வந்தது. அது குட்டிகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றிடமும் தாய் உண்டா என்று கேட்டது. குட்டிக்கு ஒரு கல், தாய்க்கு ஒரு கல் என்று பாறைமேல் வைத்து இடம் பிடித்தது.

கடைசியாக வந்தது கீரி. முதுகில் அதன் குட்டி. தண்ணீர் தாயின் வயிற்றைத் தொட்டுவிட்டது.

"இடம் இல்லம்மா," என்றது நரி.

கீரி எட்டிப் பார்த்தது. பாறையில் பாதி காலியாகக் கிடந்தது; காலியான இடமெல்லாம் கற்கள். அவை யாருக்கு என்று கேட்டது. பன்றிக்குட்டிகளின் அம்மாக்களுக்கு என்றது நரி. ஒவ்வொரு குட்டியும் தனக்கு ஓர் அம்மா உண்டு என்று சொல்லியிருக்கிறதாம். சொன்னதற்கெல்லாம் கல் வைத்தாயிற்றாம்.

தண்ணீர் ஏறியது. கீரிக்குக் கால் தரிக்கவில்லை.

"அண்ணே, அந்த அம்மாக்களைக் கூப்பிட்டுப் பாருங்க. வராதவங்க இடத்துல நாங்க உட்கார்ந்துக்கறோம்."

நியாயம்தான் என்று நரிக்கும் பட்டது. முதல் குட்டியின் அம்மாவைக் கூப்பிட்டது. பன்றி வந்து கல்லருகே உட்கார்ந்தது. அடுத்த குட்டியின் அம்மாவைக் கூப்பிட்டது. அதே பன்றி முனகிக்கொண்டே எழுந்து அடுத்த கல்லுக்கு நகர்ந்தது. இப்படியே கடைசிக் கல்வரை போயிற்று.

"பார்த்தியா, எல்லாரும் வந்துட்டாங்க," என்றது நரி.

கீரிக்குட்டியின் வால் தண்ணீரில் மிதந்தது.

"வந்தது யாருன்னு முகத்தைப் பாத்தீங்களா அண்ணே?"

"கூப்பிட்டேன், வந்தாங்க. முகத்தை எதுக்குப் பாக்கணும்?"

மூச்சிரைத்துக்கொண்டிருந்த பன்றிக்குப் பொறுமை போய்விட்டது. "இத்தனையையும் பெத்தவ நான் ஒருத்திதான்டா. எனக்கு உட்கார ஒரு இடம் போதும். இன்னொரு தடவை கூப்பிட்டே, உன்னையே ஆத்துல தள்ளிடுவேன்."

நரி அவசர அவசரமாகக் கற்களைப் பொறுக்கியது. கீரி குட்டியோடு ஏறி உடம்பை உதறியது. எல்லோர்மேலும் தெறித்தது, யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

எத்தனை பேர் அம்மா என்று அழைத்தாலும் ஆள் ஒருவரே என்றால் இடமும் ஒன்றுதான். புதிதாக ஒரு கல் வைக்குமுன், அதே ஆளுக்கு ஏற்கெனவே வைத்தாயிற்றா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நரி இந்த நீதியை அன்றே மனப்பாடம் செய்துகொண்டது. மாலையில் ஒரே சாயலில் இரண்டு முயல்கள் நீந்தி வந்தன. நரி அவற்றுக்கு ஒரு கல் வைத்தது.