சடையன் உக்காந்து ஒடச்ச குழல்

குளத்துக்கு மேக்கால பாறைக் குகையில ஒரு கரடி இருந்துச்சு. பேரு சடையன். பொண்டாட்டி பேரு கருப்பாயி. குளத்துக்குக் கெழக்கால, கரையான் புத்தை ஒட்டின வளையில ஒரு முள்ளம்பன்னி. அவ பேரு ஊசியம்மா. தண்ணி குடிக்க வந்தா சடையனும் ஊசியம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் வம்புக்கு இழுக்காமத் திரும்பிப் போனதில்ல.

சடையனுக்கு முன்னால பீடிப் பழக்கம். காட்டோரத்துல கரிமூட்டம் போடுற மனுசங்க பாதி குடிச்சுட்டு வீசுற துண்டைப் பொறுக்கிக் குடிப்பான். இருமல் வந்துச்சு. சாதாரண இருமலா அது? தேனடை எடுக்கப் போனா, இவன் அடிமரத்துக்கு வர்றதுக்குள்ள உச்சியில இருக்கற தேனீக்குச் சேதி போயிரும். அதுங்க கொடுக்கைத் தீட்டிக்கிட்டுக் காத்திருக்கும். வீங்கின மூக்கோட, வெறுங்கையோட வீட்டுக்கு வருவான். ஒருநாள் கருப்பாயி முடிவாச் சொல்லிட்டா.

"இன்னொரு தடவை உன் மேல பீடி நாத்தம் வந்துச்சு, குகைக்குள்ள கால் வைக்கப்படாது. கரிமூட்டத்துலயே போய்க் குடித்தனம் நடத்து."

அந்த நேரம் பாத்துத்தான் வாலன்னு ஒரு நரி டவுன்லேர்ந்து ஆவிக்குழலைக் கொண்டாந்து விக்க ஆரம்பிச்சான். ஒரு சாண் மூங்கில். அதோட வாயில ஒரு செம்பு வளையம். வளையத்துல திருகி மாட்டுற மாதிரி ஒரு மண் மண்டை. மண்டைக்குள்ள கம்பிச் சுருள், சுருளுக்கு நடுவுல பஞ்சுத்திரி. ஏலக்காயும் புதினாவும் ஊறவச்ச சாறைத் திரியில விடணும். பழைய பீடிக்காரனா இருந்தா சாறுல ஒரு சிட்டிகை புகையிலையும் உண்டு. கம்பியோட வால் வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும். அதை நெருப்புக் கங்குல காட்டினாச் சுருள் சுடும், சாறு ஆவியாகும், இழுக்க வேண்டியதுதான்.

சடையன் இழுத்தான். பீடியை விட்டான். ரெண்டு வருசம் ஆச்சு. இருமல் போச்சு, தேன் வந்துச்சு, கருப்பாயியும் மூக்கைப் பொத்தாம பக்கத்துல படுத்தா. ஒரேயொரு தொந்தரவு, பத்து நாளைக்கு ஒருக்கா மண்டைக்குள்ள பஞ்சு கருகிப்போகும். இழுத்தாத் தீஞ்ச வாடை. அதைத் தூக்கிக் குளத்தோரம் வீசிட்டு, வாலன்கிட்டப் புது மண்டை வாங்கி மாட்டிக்குவாங்க. காடே அப்படித்தான் பண்ணுச்சு.

கோடையில ஒருநாள் யாரோ கங்கை அணைக்காம வீசிட்டாங்க. யாருன்னு கடைசி வரைக்கும் ஒருத்தரும் ஒத்துக்கல. மானுங்க மேயுற புல்லு பாதி வெந்து போச்சு. யானை கொம்பய்யாதான் அந்தக் காட்டுக்கு நாட்டாமை. மறுநாளே பஞ்சாயத்தைக் கூட்டிட்டாரு.

"வர்ற அமாவாசைக்கு மேல டவுன் குழலும் வரப்படாது, டவுன் மண்டையும் வரப்படாது. கையில இருக்கறதை வச்சு ஓட்டிக்கங்க. குட்டிங்க எதாச்சும் குழலைத் தொட்டுச்சு, பெத்தவங்களைத்தான் கேப்பேன்."

கூட்டத்துல ஒரே முனகல். கீரி காரையன் அழுதே போட்டான். எல்லாரும் மூக்கைச் சிந்திக்கிட்டு இருக்கும்போது ஊசியம்மா மட்டும் முன்னாடி வந்து ஒரு கேள்வி கேட்டா. மண்டையை நாங்களே இங்க கட்டிக்கிட்டா அதுக்குத் தடை உண்டான்னு.

கொம்பய்யா காதை ரெண்டு தடவை ஆட்டினாரு. "கட்டிக்க. கட்டத் தெரிஞ்சா. ஆனா கங்கை அணைக்காமப் போட்டா உன் முள்ளையெல்லாம் நானே புடுங்குவேன்."

அமாவாசைக்குப் பதினஞ்சு நாள் இருந்துச்சு. வாலன் வீட்டு வாசல்ல வரிசை. அவன் வெலையை ஏத்தினான், வரிசை இன்னும் நீண்டுச்சு. சடையன் அந்த வருசத்துத் தேனையெல்லாம் தூக்கிக் குடுத்துட்டு, மூட்டை மூட்டையா மண்டையைச் சொமந்தான். குகையில ஒரு மூலை நெறைஞ்சு போச்சு. கருப்பாயி கால் நீட்டிப் படுத்தா காலுல மண்டை மூட்டை இடிச்சுது.

ஊசியம்மா வரிசைப் பக்கமே போகல. குளத்தோரம் எல்லாரும் வீசின கருகின மண்டையைப் பொறுக்கினா. சடையன் விடுவானா?

"ஏன் தங்கச்சி, குப்பைக்குக் குடிபோறியா?"

"நீ வாங்கி அடுக்கு அண்ணே. நான் ஒடச்சுப் பாக்குறேன்."

ஒடச்சுத்தான் பாத்தா. கம்பி எத்தனை சுத்து, பஞ்சு எவ்வளவு, சாறு எப்படி ஏறுதுன்னு ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பாத்தா. கருகின பஞ்சைப் பிடுங்கிட்டு எலவ மரத்துப் பஞ்சைத் திணிச்சா. இறுக்கமாத் திணிச்சதுல சாறு ஏறாம வெறும் பஞ்சு எரிஞ்சு, ரெண்டு நாள் தொண்டையே அவகிட்டப் பேசல. அடுத்த தடவை தளர்த்தியா வச்சா. சாறு கொளகொளன்னு வாய்க்குள்ள வந்து, கொதிக்கக் கொதிக்க நாக்குல விழுந்துச்சு. சடையன் அன்னைக்குச் சிரிச்ச சிரிப்புல குளத்துத் தவளையெல்லாம் முங்கிருச்சு.

ஆனா அவகிட்ட ஒண்ணு இருந்துச்சு. முள்ளு. ஒடச்ச மண்டையில எடுத்த கம்பியைச் சுத்தணும்னா முதுகுலேர்ந்து ஒரு முள்ளை உருவுவா. மெல்லிசு வேணுமா, வாலுப் பக்கம். பருமன் வேணுமா, இடுப்புப் பக்கம். முள்ளுல ஆறு சுத்து, முள்ளை உருவினாச் சுருள் ரெடி. பதினோராவது சுருள்ல ஆவி சரியா வந்துச்சு. அப்புறம் புத்து மண்ணைப் பெசஞ்சு மண்டையையும் அவளே செஞ்சா. அவ மண்டைக்குச் செம்பு வளையம் தேவையில்ல. கழுத்தை நீளமா விட்டு, நாரைச் சுத்தி, எந்த மூங்கில்லயும் தக்கை மாதிரி அடைச்சுடலாம்.

அமாவாசைக்கு ரெண்டு நாள் முன்னால சடையனைக் கூப்பிட்டுச் சொன்னா. "அண்ணே, ஒரு மத்தியானம் வந்து உக்காரு. கத்துத் தர்றேன்."

"எனக்கெதுக்கு? ஏழு தலைமுறைக்கு அடுக்கியாச்சு. வேணும்னா நீ வந்து என் மூலையைப் பாத்துட்டுப் போ."

தடை வந்துச்சு. வாலன் கடையைச் சாத்திட்டு வேற காட்டுக்குப் போயிட்டான். சடையன் குளத்தங்கரையில மாப்பிள்ளை மாதிரி நடந்தான். பத்து நாளைக்கு ஒரு மண்டை மாத்துனவன், இப்பக் காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு. தொட்டதுக்கெல்லாம் அடுத்தவனுக்கு யோசனை சொன்னான். முன்கூட்டியே யோசிக்கணும்டா, என்னைப் பாருன்னு காரையன் தலையைத் தடவிக் குடுத்தான்.

ஐப்பசி மழை வந்துச்சு. கரை வழுக்குச்சு. சடையன் ஒரு கையில குழலும், ஒரு கையில தேனடையுமா வந்தவன், தேனடை கீழ விழுந்துறக் கூடாதேன்னு அதைத் தூக்கிப் புடிச்சான். புடிச்சதுல கால் வாரிருச்சு. தேனடை பத்திரமா இருந்துச்சு. அவன் உக்காந்தது குழல் மேல.

மூங்கில் நாலாப் பொளந்துச்சு. செம்பு வளையம் அப்பளம் மாதிரி ஆயிருச்சு.

மொதல்ல அவன் சிரிச்சான். "போனாப் போகுது, மூங்கில்தானே." புது மூங்கில் வெட்டினான். மண்டையை மாட்டப் போனான். மாட்டுறதுக்கு வளையம் வேணுமே. வாலனோட மண்டை வாலனோட வளையத்துலதான் திருகும். வளையம் டவுன்லேர்ந்து வரணும். டவுன்லேர்ந்து வரப்படாது. மத்தவங்ககிட்டப் போய்க் குழலைக் கேட்டா, அவனவன் தன் குழலைக் கொழந்தை மாதிரிக் கட்டிப் புடிச்சுக்கிட்டான்.

அப்பத்தான் சடையன் ஒரு வேலை பண்ணான். கரடிக்கு மட்டும்தான் அந்தப் புத்தி வரும். தேன்மெழுகை உருட்டி, மண்டையை மூங்கில் வாயில ஒட்டிட்டான். பாக்க ஜோராத்தான் இருந்துச்சு. கங்கு மேல காட்டி இழுத்தான். சூட்டுல மெழுகு உருகுச்சு. மண்டை கழண்டு நேராத் தொப்பையில விழுந்துச்சு. தொப்பையில முடி கருகி வட்டமா ஒரு வழுக்கை. நாருல கட்டிப் பாத்தான், ஓரமெல்லாம் காத்துதான் வந்துச்சு. வெறும் மண்டையை வாயில கவ்விப் பாத்தான், உதடு வெந்துச்சு. ஒரு மூலை நெறைய மண்டை இருக்கு, ஒரு இழுப்புக்கு வழியில்ல.

மூணாம் நாள் மத்தியானம் அவனுக்குக் கண்ணுல பட்டதுக்கெல்லாம் கோவம் வந்துச்சு. கால் தானா கரிமூட்டத்துப் பக்கம் போச்சு. அங்க ஒரு பாதி பீடி கெடந்துச்சு. எடுத்தான். மோந்தான். பத்த வைக்கல. ரெண்டு வருசத்தை நெனச்சான், பீடியைக் காதுல சொருகிக்கிட்டுக் குகைக்கு நடந்தான்.

கருப்பாயிக்கு அந்த மூக்கு எதுக்கு இருக்கு? அவன் பாறை திரும்புறதுக்குள்ள வாசலை அடைச்சு உக்காந்துட்டா.

"பத்த வைக்கலடி."

"வச்சுட்டு வர்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? காதுல இருக்கறது வாய்க்கு வர ஒரு சாண்தான். அதைத் தொலைச்சுட்டு வா. இல்லாட்டி வராதே."

உள்ள அவன் சேத்து வச்ச மூட்டையெல்லாம் காயாம, நனையாமப் படுத்திருந்துச்சு. வெளியே சடையன் மழையில நின்னான். அப்புறம் ரெண்டே மூட்டையைக் குடு போதும்னு பொண்டாட்டிகிட்டக் கெஞ்சி வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டு, குளத்தைச் சுத்திக் கெழக்கால நடந்தான்.

ஊசியம்மா வளை வாசல்ல உக்காந்து கம்பி சுத்திக்கிட்டு இருந்தா. அவனைப் பாத்ததும் மொதல்ல தொப்பை வழுக்கையைத்தான் பாத்தா.

"என்ன அண்ணே, ஏழாம் தலைமுறை அதுக்குள்ள வந்துருச்சா?"

சடையன் மூட்டையை எறக்கி வச்சுட்டு, இதையெல்லாம் எடுத்துக்க, உன் குழலைக் குடுன்னான். அவ குடுக்க மாட்டேன்னுட்டா. காதுல இருக்கறதை மொதல்ல எடுன்னா. எடுத்தான். அதை அவ வாங்கிச் சேத்துல வச்சு மிதிச்சு, மேல ஒரு கல்லையும் வச்சா.

"இப்ப உக்காரு. ஒரு மண்டையை ஒடை."

"புது மண்டைம்மா. என் தேனெல்லாம் அதுலதான் போச்சு."

"மாட்ட முடியாத மண்டை ஓட்டாஞ்சில்லு அண்ணே. உள்ள பாரு, கம்பி புதுசு, பஞ்சு புதுசு. காடெல்லாம் அலைஞ்சாலும் எனக்கு இப்படிக் கம்பி கெடைக்கல."

சடையன் ஒடச்சான். அவன் கைக்கு மண்டை ஒடைக்கிறது மட்டும் சுலபமா வந்துச்சு. சுருள் சுத்துறது வரல. அவகிட்ட முள்ளு வாங்கி வாங்கி ஒடச்சான், நாலு முள்ளு போச்சு. அஞ்சாவது கேட்டப்ப ஊசியம்மா மொறைச்சா. "என்னை மொட்டையாக்கிட்டுத்தான் போவியா? உன் கையில பத்து நகம் இருக்குல்ல, அதுல சுத்து."

நகத்துல சுத்தினான். நகத்துல நின்னுச்சு. பஞ்சை இறுக்கித் திணிச்சான், தீஞ்சுச்சு. தளர்த்தினான், நாக்கு வெந்துச்சு. அவ சிரிச்சா. அன்னைக்கு அவன் சிரிச்சதுக்கும் சேத்துச் சிரிச்சா. புத்து மண்ணைப் பெசஞ்சு, கழுத்தை நீட்டி, கங்குல சுட்டு, நாரைச் சுத்தி, அவ வெட்டி வச்சிருந்த மூங்கில்ல அடைச்சான். பொழுது சாய்றதுக்குள்ள ஆவி வந்துச்சு. கோணலா வந்துச்சு, ஆனா வந்துச்சு. கடைசியா கங்கை அவனே தண்ணியில முக்கி அணைச்சான்.

குகை வாசல்ல கருப்பாயி அவன் வாயை மோந்தா, காதை மோந்தா, கக்கத்தையும் மோந்தா. ஏலக்காய் வாசனைதான் வந்துச்சு. கையைப் பாத்தா, முழங்கை வரைக்கும் மண்ணு.

"இது யாரு கட்டுனது?"

"நான்தான்."

அவ அந்த மண்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் ஒட்டிப்போய் இருந்துச்சு. "உன் மூஞ்சியையே செஞ்சு வச்சிருக்க," அப்படின்னுட்டு வழியை விட்டா.

தை மாசம் காரையனோட கடைசி மண்டை கருகுச்சு. ஒரு மூலை நெறைய இருக்குன்னு கேள்விப்பட்டு, வாயெல்லாம் பல்லா சடையன்கிட்ட ஓடியாந்தான். சடையன் குகை வாசல்ல காலை நீட்டி உக்காந்து, ஒவ்வொரு மண்டையா ஒடச்சுக் கம்பியைத் தனியா, பஞ்சைத் தனியாப் பிரிச்சுக்கிட்டு இருந்தான்.

"அண்ணே, ஒரு மண்டை இருந்தாக் குடேன்."

"மண்டை இல்லடா. கம்பி இருக்கு, மண்ணு இருக்கு. உன் நகத்தைக் காட்டு."

எதையும் மூலை நெறையச் சேத்து வச்சாலும், அதைப் பிரிச்சுக் கட்டத் தெரிஞ்ச கைக்குத்தான் அது சொத்து, தெரியாத கைக்கு அது வெறும் மூட்டை.