தாசில்தாரின் பொய்ப் பலகை

தென்காசியில் தீத்தாரப்பன் என்று ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர். பழைய ரேடியோ காந்தத்தில் செப்புக் கம்பியைச் சுற்றி, அவரே ஒரு பலகை செய்தார். பொய்யர்கள் ஏறினால் அது கூவுமாம்.

ஒருநாள் அவர் வீட்டுப் பூஜையறை வெள்ளிக் கிண்ணத்தைக் காணோம். டிரைவரும் தோட்டக்காரரும் பலகையில் ஏறி, "நான் எடுக்கல" என்றார்கள். பலகை வாய் திறக்கவில்லை. சமையல்கார மாடத்தி ஏறினாள். அவள் பேசும் முன்னே பலகை கூவிவிட்டது.

"திருடி! மூட்டையைக் கட்டு!" என்று கத்தினார் தாசில்தார்.

மாடத்தி குனிந்து பார்த்தாள். மெட்டியில்லாத ஆம்பளைக் காலுக்குக் கூவாத பலகை தன் மெட்டிக்குக் கூவுகிறதோ? தாசில்தார் மனைவி ஆவுடையம்மாள் காலிலும் மெட்டி மின்னியது.

"போறேன்யா. அதுக்கு முன்னால அம்மாவும் ஏறி, 'எங்க வீட்டுக்காரர் பலகை தப்பே பண்ணாது'ன்னு சொல்லட்டும்."

தாசில்தாருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆவுடையம்மாள் ஏறிச் சொன்னாள். பலகை தெருவுக்கே கேட்கக் கூவியது.

தாசில்தார் திருதிருவென்று விழித்தார். மனைவி சொன்னது பொய் என்றால் பலகை தப்புப் பண்ணும். மெய் என்றால் பலகை ஏன் கூவியது? அப்போதும் தப்புத்தானே? தலை சுற்றியது.

"கம்பி ஏதோ விட்டிருக்கு" என்று முனகிக்கொண்டே பலகையைப் புரட்டினார். அடியில், கம்பிச் சுருளுக்கு மூடியாக அவரே கவிழ்த்துப் பொருத்திவிட்டு மறந்துபோன வெள்ளிக் கிண்ணம்!



மாடத்தி பலகையை நிமிர்த்தி அவர் முன்னால் வைத்தாள்.

"ஏறுங்கய்யா. நீங்க மட்டுந்தான் பாக்கி."