மருந்துக்கடையில் கேட்க ஒரு வார்த்தை

ராஜபாளையத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் பிலோமினா டீச்சர் பெண்களுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுத்தாள். மாணவிகள் எல்லோருமே அவளைவிட மூத்தவர்கள்.

ஒரு நாள் குருவம்மாள் எழுந்து நின்றாள்.

“டீச்சர், நீளமான வார்த்தை வந்தா நாக்கு சிக்கிக்குது. என்ன செய்ய?”

“எந்த வார்த்தை, அக்கா?”

“ஒரு மருந்து. டாக்டர் எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னது காதுல விழுந்துச்சு. வீட்டுக்கு வந்து இவர்கிட்ட என்னன்னு கேட்டா, ‘சத்து மருந்து, இந்த ஊர்ல கிடைக்காது’ங்கிறார். மனுஷன் துரும்பா இளைச்சுட்டார். நானே வாங்கிடலாம்னு கீழே கடைக்குப் போனேன். பாதியிலேயே உளறிட்டேன். அட்னோ... காரு... சினிமா...”

“சினிமாவா? அப்ப டிக்கெட்தான் கேட்கணும்” என்றாள் பக்கத்திலிருந்த சுபைதா.

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தாள்.

“தாடைக்குக் கீழே கையை வைங்க. தாடை எப்பல்லாம் இறங்குதோ, அது ஒரு துண்டு. மெதுவா.”

“அ. டி. னோ.”

“ம்.”

“கார். சி. னோ. மா.”

டீச்சர் ஒரு ரப்பர் பேண்டை அவளிடம் கொடுத்தாள். “இப்ப சேர்த்துச் சொல்லுங்க. எந்தத் துண்டு ஓங்கி வருதோ, அங்கே இதை இழுங்க.”

டாக்டர் சொன்ன விதம் குருவம்மாளின் காதிலேயே இருந்தது. கடைசி ‘னோ’வில் ரப்பரை இழுத்தாள்.

“அடினோகார்சினோமா.”

ஒரு தடங்கலும் இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். டீச்சர் தட்டவில்லை.

குருவம்மாள் பர்ஸை எடுத்துக்கொண்டாள். “கடைக்குப் போயிட்டு வந்துடட்டுமா, டீச்சர்?”

“போகாதீங்கக்கா.”

“ஏன், தப்பா சொல்லிட்டேனா?”

“சரியாத்தான் சொன்னீங்க. அது மருந்து இல்ல.”

“பின்னே?”

டீச்சர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நோய், அக்கா. புற்றுநோய்ல ஒரு வகை.”

ரப்பர் பேண்ட் விரலிலிருந்து தெறித்து எங்கோ விழுந்தது. யாரும் தேடவில்லை.

“அவருக்குத் தெரியுமா?”

“சத்து மருந்துன்னு சொன்னவருக்குத் தெரியாமலா இருக்கும்?”

குருவம்மாளின் கை தானாகத் தாடைக்குக் கீழே போனது. தாடை இறங்கியது. சத்தம் வரவில்லை.

“இத்தனை நாளும் ஒண்டியா வெச்சிருந்திருக்கார். நான் போய் எப்படிக் கேட்பேன், டீச்சர்? பாதியிலேயே அழுதிடுவேனே.”

“முழுசாச் சொல்ல வேண்டாம்க்கா. முதல் மூணு துண்டை நீங்க சொல்லுங்க. மீதியை அவரே சொல்லிடுவார்.”