உளி நுனிக்கு வந்த நிறம்

எங்கே தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பொன்னுருவி விரல் விட்டு எண்ணிக்கொண்டாள்.

"நான் காய்ச்சின மூணாவது உளியும் தெறிச்சிருச்சு ஆசாரியாரே. இல்ல, நாலாவது."

வைரவன் ஆசாரி துருத்தியை நிறுத்தவில்லை. அவளைவிடப் பத்து வயது இளையவர். அவரிடம்தான் அவள் தொழில் கற்கிறாள்.

"யார் மேல பட்டுச்சு?"

"அவருக்குத்தான். கண்ணுக்கு ரெண்டு விரக்கடை கீழ."

அவள் புருஷன் சடையன் கல் உடைக்கிறவன். போன வருஷம் ஒரு கண் உளித் தெறிப்பில் போயிற்று. இருப்பது ஒன்று. தெறிக்காத உளி செய்து அதைக் காப்பாற்றத்தான் அவள் உலைக்கு வந்தாள்.

"என்ன சொல்றாரு?"

"ரெண்டும் போயிட்டா உன் குழம்பைப் பார்க்காமலே சாப்பிடலாம்கிறாரு."

ஆசாரிக்குச் சிரிப்பு வந்தது. "செஞ்சு காட்டுங்க அக்கா."

அவள் ஓர் உளியைச் சிவக்கக் காய்ச்சினாள். தொட்டித் தண்ணீரில் முழுசாக அமுக்கினாள். சீறல் அடங்கிய பிறகும் எடுக்கவில்லை.

"இன்னும் எதுக்கு?"

"துளி சூடு தங்கினாலும் இரும்பு இளகிருமோன்னு பயமா இருக்கு."

ஆசாரி அந்த உளியை வாங்கினார். அவள் முகத்துக்கு முன்னால் ஒரு ஈரச் சாக்கைத் தொங்கவிட்டார். அதற்கு அப்பால் போய் உளியைக் கருங்கல்லில் வைத்து ஒரு அடி அடித்தார்.

சாக்கில் பொத்தென்று ஏதோ பட்டது.

நுனிச் சில்லு. அரிசி அளவு. அவள் கண்ணுக்கு நேராக ஏறியிருந்தது.

அவள் அதைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "அப்ப தண்ணியே காட்ட வேண்டாமா?"

"காட்டலேன்னா மழுங்கும்."

"காட்டினா உடையுது. நான் என்னதான் செய்ய?"

அவர் தொட்டியைச் சாய்த்தார். தண்ணீரெல்லாம் ஓடிற்று. இரண்டு விரல் ஆழம் மிஞ்சியது.

"இது போதும்."

அவள் வேறோர் உளியைக் காய்ச்சிக் கொண்டுவந்தாள். இந்தத் தண்ணீரில் நுனிதான் நனைந்தது. மேலே மிச்சமெல்லாம் சிவப்பாகவே நின்றது.

"எடுங்க. நுனியைச் செங்கல்லுல தேய்ச்சுட்டுப் பாருங்க."

தேய்த்தாள். நுனி வெள்ளியாக மின்னியது. மேலிருந்த சூடு அதை நோக்கி இறங்கியது. அதோடு வைக்கோல் மஞ்சள் நிறம் முன்னால் வந்தது.

"வருது ஆசாரியாரே."

"வரட்டும்."

"நுனியைத் தொட்டிருச்சு."

"அதுக்குப் பின்னால செம்பு நிறம் வரும். அது நுனிக்கு வந்ததும் தண்ணி காட்டுங்க. அதுக்கு முன்னால காட்டினா மறுபடியும் தெறிக்கும்."

சடையனின் ஒற்றைக் கண் அவள் மனசில் வந்து நின்றது. குறடு பிடித்த கை தானாகத் தண்ணீர்ப் பக்கம் போயிற்று.

அந்த மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்து நிறுத்திக்கொண்டாள்.