பெயர் மோதினால் யாருடையது?

பெரிய வங்கி சின்ன வங்கியை விழுங்கியபோது, சின்ன வங்கியின் மெயின்ஃப்ரேம் என்னும் பெரிய கணினியைக் கவனித்துவந்த அமலோற்பவமும் அதோடு பெரிய வங்கிக்கு வந்து சேர்ந்தாள். பணம் போட, எடுக்க என்று ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அந்த மெஷினில் ஒரு பெயரும், அந்தப் பெயரைக் கொடுத்தால் மெஷின் என்ன செய்யவேண்டும் என்ற வரையறையும் இருந்தன. பெரிய வங்கியின் கணினித் தலைவர் சிவசைலம், இயக்குநர்கள் முன்னால் அவளை நிற்கவைத்துச் சொன்னார்:

"உங்க வரையறை எல்லாத்தையும் எங்க மெஷின்ல ஏத்தும்மா. ஒரே பேர் வந்தா எங்களுது இருக்கும், உங்களுது அழியும். ஆனா உங்க வாடிக்கையாளர் ஒருத்தருக்குக்கூட வேலை நிக்கக் கூடாது."

"சார், பணம் எடுக்கறதுக்கு ரெண்டு பக்கமும் ஒரே பேர். எங்களுது அழிஞ்சா எங்க ஆளுங்க பணமே எடுக்க முடியாது. பேரை மாத்தி ஏத்தட்டுமா?"

"ஒரு எழுத்து மாறக் கூடாது. ஏதாவது நின்னா உன் வேலை போயிடும்."

"சரி சார். அப்ப முதல்ல உங்க கணக்குலயே சோதிச்சுப் பாத்துடலாம்."

"அந்தப் பெட்டிக்கடையில எனக்கு ஏது கணக்கு?"

"வீட்டம்மா பேர்ல இருக்கே, சார். உங்க சேமிப்பெல்லாம் எங்ககிட்டதானே?"

இயக்குநர்கள் சிரித்துவிட்டார்கள். சிவசைலத்தின் முகம் கறுத்தது. "பேரை மாத்தியே ஏத்து" என்றார்.

ஏற்றினாள். திங்கட்கிழமை எந்தக் கிளையிலும் எதுவும் நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவளுக்கு வேலைநீக்க உத்தரவு வந்தது. வாடிக்கையாளர் ஒருவரின் கணக்கு ரகசியத்தைப் பலர் முன்னிலையில் வெளியிட்டாள் என்பது குற்றம்.

அமலோற்பவம் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.