மாஸ்டர் எண்டு கூப்பிடுங்கோ

பஞ்சலிங்கம் மாஸ்டர் எழுபது வயதில், முப்பத்தொரு வயதுப் பெண்ணொருத்தியிடம் சீடனாகச் சேர்ந்தார். சீடன் என்பது அவரே சொன்ன சொல். நான் சொல்லியிருந்தால் அடித்திருப்பார்.

அடிப்பார் என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. பருத்தித்துறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், ஒன்பதாம் வகுப்பில், அவரிடம் கணக்குப் படித்தவன் நான். எங்கள் ஊரில் வாத்தியாரை மாஸ்டர் என்றுதான் சொல்வோம். அந்தச் சொல்லில் மரியாதையைத் தவிர வேறொன்றும் கிடையாது. இன்றைக்கும் நான் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறேன். அந்த உரிமையை என் காது முறுக்குப்பட்டுச் சம்பாதித்தது.

கனடாவுக்கு வந்தபின் அவர் இருபத்திரண்டு வருடம் போத்தல் மூடி செய்யும் தொழிற்சாலையில் நின்றார். அங்கே அவருக்குப் பெயர் 'பஞ்ச்'. கலியாண வீடுகளில் யாராவது வந்து "மாஸ்டர், சுகமோ?" என்று கேட்டால்தான் அவருக்குத் தான் யார் என்பது ஞாபகம் வரும். இதையும் அவரே சொன்னதுதான்.

ஓய்வு பெற்ற அடுத்த மாதம் நூலகத்தில் ஓர் அறிவித்தலைப் பார்த்தார். ஸ்காபரோவில் சலவைக்கடை ஒன்றுக்கு மேலே ஒரு மண்டபம். சனிக்கிழமைகளில் கறுப்பினப் பிள்ளைகள் அங்கே கூடுவார்கள். ஒரு மூலையில் தலை பின்னுவார்கள், ஒரு மூலையில் சமைப்பார்கள், தங்கள் சரித்திரத்தைத் தாங்களே தேடி எடுத்துச் சுவரில் ஒட்டுவார்கள். ஆறு பேரோடு தொடங்கியது நாற்பது பேராகியிருந்தது. கணக்குச் சொல்லிக்கொடுக்க மட்டும் ஆள் இல்லை.

மாஸ்டர் போகப்போகிறார் என்றதும் எங்கள் சனம் வாயைத் திறந்தது. "கறுவலுகளிட்டயோ போறியள்?" என்று கேட்டார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் கண்ணாடி பார்ப்பதில்லைப் போலிருக்கிறது.

மண்டபத்தை நடத்தியவர் அபேனா. கானாவிலிருந்து வந்த குடும்பம். தொழில் மின்சார வேலை. பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தில் "உனக்குக் கணக்கு ஓடாது" என்று சொல்லிவிட்டார்களாம். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. போகவும் வேண்டாம் என்று வைத்திருக்கிறார்.

அபேனாவும் மாஸ்டரும் பேசியது ஆங்கிலத்தில். மாஸ்டர் எனக்கு அதைச் சொன்னது எங்கள் தமிழில். ஆகவே இங்கே அபேனாவும் எங்கள் ஊர்ப் பக்கத்து வடமராட்சித் தமிழ்தான் பேசுவார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் பதினாறு, பதினேழு வயது. ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடம் அவர்களைச் சுலபக் கணக்குப் பிரிவுக்குத் தள்ளிவிட்டிருந்தது. அந்தப் பிரிவில் இருந்தால் பொறியியல் பக்கம் தலைவைத்தும் படுக்க முடியாது. மேல் பிரிவுக்கு மாற ஒரு பரீட்சை உண்டு. அதற்கு ஏழு கிழமை, அதாவது ஏழு சனி, இருந்தது. ஒன்பது பேரில் சிடேரா என்ற பிள்ளைக்குப் பாலம் கட்டும் படிப்புப் படிக்க ஆசை. இந்தப் பரீட்சை தவறினால் அந்த ஆசையை மடித்து வைக்க வேண்டியதுதான்.

மாஸ்டர் பலகையில் தன் பெயரை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதினார். பக்கத்தில் மாஸ்டர் என்றும் எழுதினார்.

"முன் பாதி உங்களுக்கு வாயில வராது. மாஸ்டர் எண்டு கூப்பிடுங்கோ. அது காணும், வேற ஒண்டும் தேவையில்லை."

ஒருவரும் பேசவில்லை. பின்னாலிருந்த மலக்கை என்ற பையன் சிரித்தான். நல்ல சிரிப்பில்லை. சிடேரா பேனையை மூடி வைத்தாள்.

மாஸ்டர் அந்த அமைதியைப் பயபக்தி என்று எடுத்துக்கொண்டார். எங்களைப் போன்றவர்களையே பார்த்துப் பழகிய கண் வேறெப்படி எடுக்கும்? அன்றைக்கு இருபடிச் சமன்பாடு. அப்படி ஒரு பாடத்தைத் தான் வாழ்க்கையில் எடுத்ததில்லை என்றார்.

அடுத்த சனி மூன்று பேர் வந்தார்கள். அதற்கடுத்த சனி ஒருவரும் வரவில்லை. மண்டபம் நிறைய ஆட்கள் இருந்தார்கள், சமையல் வாசனை இருந்தது, சிரிப்புச் சத்தம் இருந்தது. மாஸ்டரின் அறையில் ஒன்பது கதிரைகள் இருந்தன.

அவர் மண்டபத்து நடைக்கு வந்தார். அபேனா ஏணியில் நின்று ஒரு குழல்விளக்கை மாற்றிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, உம்மட்ட ஒண்டு கேக்கவேணும்."

"கேளுங்கோ."

"என்ர பாடம் விளங்கேல்லையாமோ?"

"நல்லா விளங்கினதாம்."

"பின்னை ஏன் வரேல்லை?"

அபேனா பழைய விளக்கைக் கழற்றிக் கீழே நீட்டினார். மாஸ்டர் வாங்கிக்கொண்டார். புதியதை மாட்டிவிட்டு அபேனா இறங்கினார்.

"வெளிச்சம் காணுமோ எண்டு பாக்கவேணும். அந்தச் சுவரில இருக்கிறதைக் கொஞ்சம் வாசியுங்கோ. சத்தமா."

சிடேராவும் அவளுடைய கூட்டாளிகளும் ஒட்டிய தாள் அது. இருநூறு வருடத்துக்கு முந்திய பத்திரிகை விளம்பரம் ஒன்றின் பிரதி. அடிமைகள் தப்பி ஓடினால் அவர்களை விலைக்கு வாங்கி வைத்திருந்தவர்கள் இப்படி விளம்பரம் போடுவார்கள்.

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடக் குரலில் வாசித்தார்.

"'காணவில்லை. கறுப்புப் பெண். வயது பதினேழு. இடது கையில் சூட்டுத் தழும்பு. சூக்கி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். சென்ற செவ்வாய் காலை தன்னுடைய...'"

அவர் நிறுத்தினார்.

"வெளிச்சம் காணாதோ?" என்று அபேனா கேட்டார்.

"காணும்."

"அப்ப வாசியுங்கோ."

"'தன்னுடைய மாஸ்டரிடமிருந்து ஓடிவிட்டாள். பிடித்துத் தன் மாஸ்டரிடம் ஒப்படைப்பவருக்கு...'"

கடைசி வரி வரைக்கும் வாசித்தார். குரல் பள்ளிக்கூடக் குரலாக இல்லை. பழைய குழல்விளக்கு இன்னும் கையில் இருந்தது.

"எங்கட ஊரில அந்தச் சொல்லுக்குக் கருத்து வேற" என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பருத்தித்துறையைச் சொன்னார், தான் படிப்பித்த இருபத்தைந்து வருடத்தைச் சொன்னார், மூடித் தொழிற்சாலையைச் சொன்னார். அபேனா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"உது எனக்குத் தெரியாது. நல்ல சொல்லாத்தான் இருக்கு."

"பிள்ளையளுக்கு இதை விளங்கப்படுத்தினால் சரிதானே?"

"விளங்கிக்கொள்ளுவினம். கெட்டிக்காரப் பிள்ளையள்."

"பிறகு மாஸ்டர் எண்டு கூப்பிடலாம்தானே?"

"கூப்பிடலாம். சிடேரா கூப்பிடேக்க நீங்கள் திரும்பிப் பாப்பியளோ?"

மாஸ்டர் பழைய விளக்கைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தார்.

அன்று பின்னேரம் அவர் என் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி ஆறிப்போக விட்டுவிட்டு இதையெல்லாம் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று யோசிக்காமல் வந்த கோபம்.

"விடுங்கோ மாஸ்டர். நாங்கள் என்னத்தைச் சொன்னாலும் அதுகளுக்கு விளங்காது."

அவர் என்னைப் பார்த்தார். ஒன்பதாம் வகுப்பில் பார்த்த அதே பார்வை.

"அதுகள் இல்லை. அவையள்."

ஆடு மாட்டுக்கு ஒரு சொல், ஆட்களுக்கு ஒரு சொல் என்று அவரே எங்களுக்குப் படிப்பித்தவர். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஐம்பத்தெட்டு வயதில் காது தானாகவே நொந்தது.

அடுத்த சனி அவர் நேரத்தோடு போனார். சிடேரா வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, அண்டைக்கு நான் தெரியாமல் ஒரு சொல் சொல்லிப்போட்டன். இனிச் சொல்லமாட்டன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நீங்கள் தந்ததில ஏழாவது கணக்கு எப்பிடி வரும்?" என்று கேட்டாள்.

"உள்ள வந்தால் சொல்லுவன்."

"யோசிச்சுப் பாக்கிறன்" என்றுவிட்டுத் தலை பின்னும் மூலைக்குப் போய்விட்டாள்.

மாஸ்டர் அறைக்குள் போனார். பலகையில் அவர் பெயர் அப்படியே இருந்தது. சட்டைக் கையாலேயே அழித்தார். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக்கொண்டு அபேனாவிடம் போனார். ஒரு கிழமை முழுக்க யோசித்து எழுதிய தாள். சேர், அங்கிள், மிஸ்டர் பஞ்ச் என்று மூன்று பெயர் அதில் இருந்தது.

"இதில எது நல்லது எண்டு நீங்கள் சொல்லுங்கோ."

போன கிழமை அபேனாவை 'உம்மட்ட' என்றவர் இந்தக் கிழமை 'நீங்கள்' என்றார். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றுதான். எனக்குச் சொல்லும்போது மாற்றிச் சொன்னது அவருக்கே தெரிந்திராது.

அபேனா தாளைப் படித்தார்.

"அந்தப் பெட்டைக்கு சூக்கி எண்டு பேர் வைச்சது ஆர்?"

"விளம்பரத்தில போடேல்லை."

"ஆராயிருக்கும்?"

"விளம்பரம் போட்ட அந்தாளாத்தான் இருக்கும்."

அபேனா தாளை நாலாக மடித்து மாஸ்டரின் சட்டைப்பையிலேயே வைத்தார்.

"பேர் வைக்கிற வேலையை அவையளிட்ட விடுங்கோ."

"அதுவரைக்கும்?"

"பேரில்லாமல் வாங்கோ."

"பேரில்லாத மனிசன் எப்பிடிப் படிப்பிக்கிறது?"

"சிடேராவைப் பள்ளிக்கூடத்தில ஒரு வருசமா இன்னொரு கறுப்புப் பிள்ளையின்ர பேர் சொல்லித்தான் கூப்பிட்டவை. அவள் படிச்சவள்தானே."

மாஸ்டர் கதிரைகளை ஒழுங்குபடுத்தப் போனார்.

பதினொரு மணிக்குச் சிடேரா வந்தாள். ஏழாவது கணக்கைப் போட்டுக் காட்டினார். அவள் எட்டாவதைத் தானே போட்டாள். அரை மணித்தியாலத்தில் எழும்பிப் போனவள் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அதற்கடுத்த சனி ஏழு பேர். மலக்கை கடைசியாக வந்து, கதிரையைக் கதவோடு போட்டுக்கொண்டு இருந்தான். பரீட்சைக்கு முந்திய சனி அந்தக் கதிரை பலகைக்குப் பக்கத்தில் இருந்தது.

ஒருவரும் அவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. சந்தேகம் வந்தால் கையைத் தூக்குவார்கள். இல்லாவிட்டால் "இது எப்பிடி?" என்று கொப்பியை நீட்டுவார்கள். மாஸ்டர் கொப்பிக்குப் பதில் சொல்வார். வீட்டுக்குப் போகும் வழியில் எனக்குத் தொலைபேசி எடுப்பார்.

"ஒருக்கா மாஸ்டர் எண்டு சொல்லடா."

"மாஸ்டர்."

"சரி, வை."

சிரிக்கக்கூடிய விஷயம்தான். நான் சிரிக்கவில்லை.

பரீட்சை முடிந்தது. ஒன்பது பேரில் ஏழு பேர் மேல் பிரிவுக்குப் போனார்கள். சிடேராவுக்கு எண்பத்துநாலு. மலக்கைக்கு மூன்று புள்ளி குறைந்துவிட்டது. ஆனியில் திரும்ப எழுதவேண்டும். இதெல்லாம் வந்த சனிக்கிழமை மாஸ்டர் காய்ச்சலில் படுத்திருந்தார். பெறுபேற்றை அபேனா தொலைபேசியில் சொன்னார்.

அடுத்த சனி மாஸ்டர் மப்ளரைச் சுற்றிக்கொண்டு போனார். அபேனா சமையல் மூலையில் பழுதான மின்னடுப்பு ஒன்றைத் திறந்து வைத்திருந்தார்.

"உங்களட்ட ஒண்டு கேக்கலாமோ?" என்றார் மாஸ்டர்.

"கேளுங்கோ."

"பரீட்சையும் முடிஞ்சுது. எனக்கு அவையள் ஏதாவது பேர் வைச்சவையோ?"

அபேனா திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"இல்லை. வைக்கேல்லை."

"ஒண்டும்?"

"நான் கேக்க ஒண்டும் சொல்லேல்லை."

மாஸ்டர் தலையாட்டினார். மப்ளரைக் கழற்றி மடித்தார். அவருக்கு அழுகை வந்ததாம். எழுபது வயதில், ஒரு சமையல் மூலையில், பேர் இல்லை என்பதற்காக. அதை என்னிடம் மறைக்கவில்லை.

"போன சனி நீங்கள் வரேல்லை" என்றார் அபேனா.

"காய்ச்சல்."

"தெரியும். நான் கதவைத் திறந்ததில இருந்து ஒவ்வொருத்தரா வந்து கேட்டவை. சிடேரா இரண்டு தரம். மலக்கை மூண்டு தரம்."

மாஸ்டர் நிமிர்ந்தார்.

"என்னைக் கேட்டவையோ? என்ன பேர் சொல்லிக் கேட்டவை?"

"பேர் சொல்லேல்லை. 'வந்திட்டாரோ?' எண்டு கேட்டவை."

"ஆர் எண்டு நீங்கள் கேக்கேல்லையோ?"

"எனக்கு அது கேக்கத் தோன்றேல்லை."